வேலை செய்துகொண்டே கற்பது: நெல்லைப் பக்கத்துச் செவிலியர்களும் பராமரிப்பாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருப்பதால் ஒரே சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் பல தரப்பினர். ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பார்ப்பவர்கள், அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், முதியோர் இல்லங்களில் இரவும் பகலும் இருக்கும் பராமரிப்பாளர்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: யாரும் வகுப்பு எடுக்காமல், வேலை பார்க்கும் இடத்திலேயே, நானாக எப்படிக் கற்றுக்கொள்வது? அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் விரித்துச் சொல்லவில்லை. வரிசையாகப் படிப்பது நல்லது.

சுயமாகக் கற்பது என்றால், வீட்டில் உட்கார்ந்து பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டுவதுதானே?

புத்தகமும் அதில் ஒரு பகுதி. ஆனால் தொடங்குவது உங்கள் வேலையிலிருந்து. வேலையில் ஓர் ஐயம் எழுகிறது. அதைக் கேள்வியாக எழுதுகிறீர்கள், நம்பத்தக்க இடத்தில் விடை தேடுகிறீர்கள், தெரிந்த ஒருவரிடம் சரிபார்க்கிறீர்கள், மறுநாள் வேலையில் செய்கிறீர்கள். இந்தச் சுற்று முழுதாக முடிய வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975இல் இதை விளக்கியபோது, எது தேவை, எங்கே தேடுவது, கற்றது போதுமா என்பதையெல்லாம் கற்பவரே முன்னின்று முடிவு செய்வது என்றார். பிறர் உதவி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றும் சேர்த்துச் சொன்னார். தனியாகக் கற்பது என்று அவர் சொல்லவில்லை. இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஓர் உதாரணம். வார்டு ஃப்ரிட்ஜில் திறந்த இன்சுலின் குப்பி இருக்கிறது, எப்போது திறந்தது என்று எழுதப்படவில்லை. இது எத்தனை நாள் தாங்கும்? பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டைப் பிரித்துப் படிக்கிறீர்கள். பல வகை இன்சுலினுக்குத் திறந்த பிறகு 28 நாள் என்று இருக்கும். மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்கிறீர்கள். அன்று முதல் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு குப்பியிலும் தேதி இருக்கிறது. நான் சொல்லும் கற்றல் இதுதான்.

அரசாங்கமே பயிற்சிக்குக் கூப்பிடுகிறதே மேடம், பிறகு இது எதற்கு?

பயிற்சி அவசியம், தவறாமல் போங்கள். ஆனால் பயிற்சி எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி. பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், தரையில் படிந்த பாதம், இதய மட்டத்தில் தாங்கி வைத்த கை, பேச்சு இல்லை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

முக்கூடலில் ஒரு வீட்டுக்குள் போகிறீர்கள். அந்த அம்மா தரையில் சம்மணமிட்டு, மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நாற்காலி கிடையாது. இன்றைய கட்டு முடியவில்லை, எழுந்திருக்க மனமில்லை. கையை மட்டும் நீட்டி, “சீக்கிரம் பாரு தாயி” என்கிறார். அப்போது எடுக்கும் அளவு உண்மையானதா? தட்டை எப்படி இறக்கி வைக்கச் சொல்வது, சுவரில் எப்படிச் சாய்ந்து உட்கார வைப்பது, கைக்கு அடியில் தலையணையை எவ்வளவு உயரத்தில் வைப்பது, அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குப் பாரமில்லாமல் எப்படிக் கழிப்பது? இதற்கு எந்த அரங்கிலும் பாடம் கிடையாது. அந்த வீட்டில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டதை அடுத்த தெருத் தன்னார்வலருக்கும் சொல்ல வேண்டும்.

டூட்டி முடிந்து வீடு போய்ச் சேரவே இரவாகிவிடுகிறது. சமையல், பிள்ளைகள் வேறு. எந்த நேரத்தில் படிப்பது?

தூக்கத்தைக் குறைத்துப் படியுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்ட செவிலியரின் கையில் ஊசி இருப்பது யாருக்கும் நல்லதில்லை. இரவு ஷிப்டில் பின்னிரவு மூன்று மணிக்கு வீடியோ பார்ப்பதும் படிப்பாகாது.

வேலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிறீர்கள் அல்லவா? “இவருக்கு ஏன் இந்த மருந்து?” என்று ஒரே ஒருவரைப் பற்றி அங்கே கேளுங்கள். புதிய மருந்து வந்தால் உடைக்கும் முன் சீட்டை ஒரு நிமிடம் படியுங்கள். வள்ளியூரிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்தப் பயண நேரம் இருக்கிறது. நேற்று எழுதியதைப் பார்க்காமல் நினைவுகூர அதுபோதும். வாரத்துக்கு ஒரு கேள்வி முடித்தாலே அதிகம். இதற்கு மேல் நேரம் வேண்டுமென்றால் தர வேண்டியது நிர்வாகம். அதைப் பொறுப்புச் செவிலியர் கேட்ட கேள்வியில் சொல்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? எதுவுமே முழுதாகத் தெரியாதது போல இருக்கிறது.

மூன்று இடங்களில் தேடுங்கள். நீங்கள் அடிக்கடி மற்றவரிடம் கேட்டுச் செய்யும் வேலை எது? யாராவது செய்யட்டும் என்று நைசாக ஒதுங்கிக்கொள்ளும் வேலை எது? உங்கள் ஊருக்கு அடிக்கடி வரும் நோய் எது? மூன்றாவது மிக முக்கியம். மழைக்குப் பின் காய்ச்சலோடு வருபவர்களில் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பகத்தின் அடியிலோ ஒளிந்திருக்கும். வலிக்காது என்பதால் நோயாளி சொல்ல மாட்டார். திரை போட்டு, அனுமதி கேட்டு, தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பொருக்கைக் கண்டு டாக்டரிடம் சொல்லும் செவிலியர் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

இன்னொன்று பாம்புக்கடி. கார், பிசானம் என்று இரு பருவமும் வயலில் இறங்கும் ஊர்கள் இவை. கண்ணாடிவிரியன் நமக்குப் புதிதில்லை. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனையைப் பல இடங்களில் பழக்கத்தால் செய்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டியூபில் 2 மி.லி. ரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைத் தாக்கியிருக்கிறது. ‘ஏன் கண்ணாடி?’ என்று எழுதித் தேடிப் பாருங்கள். கண்ணாடியின் பரப்பு உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் அது நடப்பதில்லை. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய டியூபிலும் சரியாக நடப்பதில்லை. அப்படியானால் விஷம் ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கலாம், தேவையில்லாத விஷமுறிவு மருந்து ஏறலாம், அந்த மருந்தாலேயே கடும் ஒவ்வாமை வரலாம். சந்தேகமிருந்தால் நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு சிறிய ‘ஏன்’ எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறீர்கள். என்னத்தை எழுதுவது?

சட்டைப் பையில் அடங்கும் சிறிய நோட்டுப் போதும். ஒரு பதிவுக்கு நான்கு வரி: எது என்னைக் கேட்க வைத்தது, விடை என்ன, எங்கே பார்த்தேன் அல்லது யார் சொன்னார், இனி என்ன மாற்றிச் செய்வேன். நான்காவது வரி காலியாக இருந்தால் கேள்வி இன்னும் முடியவில்லை. கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிச் சுழற்சியை நர்சிங் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள்: நடந்தது, அப்போதைய மனநிலை, நல்லதும் கெட்டதும், காரணம், முடிவு, அடுத்த முறைக்கான திட்டம். நல்ல முறைதான். ஆனால் நாற்பது படுக்கை பார்க்கிறவருக்கு ஆறு படி நீளம், நான்கு வரியே ஓடும். மனதை உலுக்கிய ஒரு நிகழ்வு என்றால் மட்டும் ஆறு படியும் எழுதுங்கள். அந்த இரண்டாவது படி அப்போது தேவைப்படும்.

நோயாளியின் பெயர், ஊர், தெரு, படுக்கை எண் எதுவும் அதில் வரக்கூடாது.

யூடியூபில் எல்லாமே இருக்கிறதே. அது போதாதா?

கை எப்படி அசைகிறது என்று பார்க்க வீடியோவை விடச் சிறந்தது இல்லை. ஆனால் அளவு, மருந்து, நேரம் ஆகியவற்றை வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். நான் சொல்லும் வரிசை இது: முதலில் உங்கள் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ நெறிமுறை, அடுத்து மாநில, மத்திய சுகாதாரத் துறைகளின் வழிகாட்டுதல்கள், பிறகு உலக சுகாதார நிறுவனம். கருவி என்றால் அதனோடு வந்த கையேடு. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் குப்பியை மூடாமல் வைத்தால் அளவு பிழைபடும் என்பது அந்தக் கையேட்டில்தான் இருக்கும். அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டிருப்போம்.

எதைப் பார்த்தாலும் சொன்னவர் யார், எந்த ஆண்டு, எந்த வகை நோயாளிக்கு என்ற மூன்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் செய்திக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. அரசு ஊழியர்களுக்கு ‘ஐகாட் கர்மயோகி’ என்ற இணையப் பயிற்சித் தளம் இருக்கிறது. 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ இணையக் கல்வித் தளத்தில் யாரும் சேரலாம்.

வழிகாட்டுதல் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்தால் தலை சுற்றுகிறது.

முழு ஆவணத்தையும் படிக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடை இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் இருவராகச் சேர்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் தமிழில் சொல்ல. புரிந்ததை நோட்டில் தமிழிலேயே எழுதுங்கள். கல்லூரியில் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரும், உங்களுக்கு வேலை வரும். இருவரும் உட்கார்ந்தால் இருவருக்கும் லாபம். எண்களை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், மி.கி. ஒன்று மைக்ரோகிராம் ஆகிவிட்டால் அளவு ஆயிரம் மடங்கு மாறிவிடும்.

படித்தது ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறதே?

திரும்பத் திரும்ப வாசிப்பது மட்டும் போதாது. மூடி வைத்துவிட்டு நினைவுகூருங்கள். மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை. திணறி நினைவுக்குக் கொண்டுவந்தது நிற்கும். கூட வேலை பார்ப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நிற்கும்.

கைவேலை சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். இதயம் நின்றவருக்கு மார்பில் கொடுக்கும் இதய மீட்பு அழுத்தத்தை (சி.பி.ஆர்.) எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல். எண் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்துப் பார்த்தால் இரண்டாவது நிமிடமே ஆழம் குறைகிறது. பொம்மை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் கிடைக்காது என்றால் இதனால் எனக்கு என்ன பயன்?

நியாயமான கேள்வி. இந்திய நர்சிங் கவுன்சில் பதிவுப் புதுப்பிப்புக்கு ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர் கல்வி என்று வகுத்திருக்கிறது. நீங்களாக நோட்டில் எழுதியது அந்தக் கணக்கில் சேராது. அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிகள்தான் சேரும். ஆகவே சான்றிதழ்களுக்குத் தனிக் கோப்பு, கற்றதற்குத் தனி நோட்டு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன், அந்தப் பயிற்சி கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுமா என்று மாநில கவுன்சிலில் கேட்டுவிடுங்கள். ‘இரண்டே நாளில் டிப்ளமோ’ என்று வரும் விளம்பரங்களில் நம் பிள்ளைகள் சம்பளத்தை இழப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஸ்வயத்தில் படிப்பது இலவசம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

சான்றிதழ் இல்லாத கற்றலின் பயன் நேர்காணலில் தெரியும். “கடைசியாக உங்கள் வேலையில் எதை மாற்றினீர்கள்?” என்று கேட்டால், நோட்டு வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார்.

தெரியாது என்று சொன்னால் மதிப்பு போய்விடும். டாக்டரிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேட்கும் விதம்தான். “சார், இதைக் கொடுக்கவா?” என்றால் எரிச்சல்தான் வரும். நான்கு துண்டாகச் சொல்லுங்கள்: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு வேண்டியது. “சார், பெண்கள் வார்டிலிருந்து பேசுகிறேன். அறுபது வயது அம்மாவுக்குக் காலை சுகர் 64, வியர்க்கிறது. நேற்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை, எட்டு மணிக்கு இன்சுலின் எழுதியிருக்கிறது. சுகர் இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். குடிக்கக் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறேன். இன்சுலினை நிறுத்தி வைக்கவா, நீங்கள் வந்து பார்க்கிறீர்களா?” இப்படிப் பேசுபவரிடம் யாரும் எரிந்து விழுவதில்லை, விழுந்தாலும் கேட்டது பதிவில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது.

தெரியாததை மறைத்து நின்றவரை நோயாளியின் வீட்டார் மன்னிக்க மாட்டார்கள். “தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்றவரை அவர்கள் தேடி வருவார்கள்.

பழைய அக்கா ஒரு மாதிரி செய்யச் சொல்கிறார், புதிய வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு வகையாகப் பிரியுங்கள். சில பழக்கங்கள் தீங்கு என்று தெளிவாகிவிட்டன. படுத்த படுக்கையாய் இருப்பவரின் சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது, இடுப்புக்கடியில் வளையத் தலையணை வைப்பது இரண்டும் ஒரு காலத்தில் கற்பித்தவை. இப்போது கூடாது என்கிறார்கள். தேய்த்தால் உள்ளே நைந்த திசு இன்னும் நைகிறது, வளையம் சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் எல்லோர் முன்னிலும் திருத்த வேண்டாம். “அக்கா, இதில் இப்படிப் போட்டிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று தாளை அவர் கையில் கொடுங்கள்.

இரண்டாவது வகை, வழிகாட்டுதல்களே வேறுபடும் இடம். பிரசவத்தில் தீவிரக் கட்டம் கருப்பை வாய் 4 செ.மீ. விரியும்போது தொடங்குகிறது என்று நாமெல்லாம் படித்தோம். பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான பார்டோகிராஃப் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018 பரிந்துரைகளில் அதை 5 செ.மீ. ஆக்கி, 2020இல் புதிய பிரசவப் பராமரிப்புப் படிவத்தையும் வெளியிட்டது. இதைப் படித்துவிட்டு நீங்கள் மட்டும் தனியாக மாற்றிச் செய்தால், உங்கள் ஷிப்டில் ஒரு கணக்கு, அடுத்த ஷிப்டில் ஒரு கணக்கு என்றாகித் தாய்க்கு ஆபத்து வரும். உங்கள் லேபர் வார்டில் எது நெறிமுறையோ அதையே எல்லோரும் பின்பற்றுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் டாக்டரும் கண்காணிப்பாளரும் இருக்கும் கூட்டத்தில் எழுப்புங்கள்.

அனுபவத்தையும் குறைத்து எண்ணாதீர்கள். நீர் வற்றிப்போன ஆச்சியின் கையில் ரத்தநாளம் கண்டு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போடும் விரல் நுணுக்கம் எந்த ஆவணத்திலும் இல்லை. அதைப் பழைய அக்காவிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் இல்லை. முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் வேலை. நர்சிங் படிக்கவும் இல்லை. எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?

உங்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே தொகுக்க நினைத்தேன். ஒரு முதியவரோடு ஒரு நாளில் அதிக நேரம் இருப்பவர் நீங்கள். டாக்டர் பார்ப்பது சில நிமிடம். முதல் மாற்றத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குத்தான்.

படுக்கைப் புண்ணிலிருந்து தொடங்குங்கள். புத்தகப் படங்களில் முதல் கட்டம் என்று சிவந்த தோலைக் காட்டுவார்கள். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் தாத்தாவின் முதுகடியில் சிவப்பு தெரியாது. ஆகவே வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்: சற்றுக் கறுத்தோ ஊதா கலந்தோ இருக்கிறதா? புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சூடாகவோ வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தோ இருக்கிறதா? விரலால் மெதுவாக அழுத்துங்கள்: கெட்டியாக இருக்கிறதா, சதசதப்பாக இருக்கிறதா, அவர் முகம் சுளிக்கிறாரா? வாலெலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, காதுமடல், பின்னந்தலை. குளிப்பாட்டும் நேரமே பார்க்கும் நேரம். படுத்தே இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். திருப்பும்போது இழுக்காமல், விரிப்போடு இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். உரசலும் இழுப்பும் தோலை உள்ளிருந்து கிழிக்கும்.

சொல்லித்தர ஆளும் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். உங்கள் இல்லத்துக்கும் வருவார்களா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வந்தால் வேலை முடியட்டும் என்று வெளியே நிற்காதீர்கள். “எனக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள், அடுத்து நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்” என்று சொல்லுங்கள். முதியோர் நலம் தொடர்பான உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

அங்கன்வாடிக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அளவெடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். படுத்த அளவு நின்ற அளவைவிட ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும், மாற்றி எடுத்தால் குழந்தையின் நிலையே பதிவேட்டில் மாறிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள், மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. பக்கத்து மையத்துப் பணியாளரும் நீங்களும் ஒரே குழந்தையைத் தனித்தனியே அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைய பாடம் கிடைத்துவிட்டது.

நன்றாகப் படித்துப் புரிந்துகொண்டேன். அடுத்த கேஸில் நானே செய்து பார்க்கலாமா?

கூடாது. அறிவது ஒன்று, செய்ய அனுமதி பெறுவது வேறொன்று. தன்னார்வலருக்கு பி.பி. மாத்திரையைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அளந்து, எழுதி, அனுப்புவது அவர் பணி. செவிலியருக்கும் புதிய செயல்முறை என்றால் பார்ப்பது, ஒருவர் அருகில் நிற்கச் செய்வது, அவர் சரி என்ற பிறகு தனியே செய்வது என்றுதான் போக வேண்டும். மேலே பாம்புக்கடிப் பரிசோதனையை விரிவாகச் சொன்னேன். அதைப் படித்ததாலேயே செய்யத் தகுதி வந்துவிடாது.

காயத்தைப் படம் எடுத்து எங்கள் குரூப்பில் போட்டுச் சந்தேகம் கேட்கலாமா? பெயர் போட மாட்டோம்.

வேண்டாம். நம் ஊர்களில் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். “மேலப்பாளையம், சுகர் கால், நேற்று அட்மிஷன்” என்றால் போதும். கையில் குத்தியிருக்கும் பச்சையே முகவரி சொல்லிவிடும். எச்.ஐ.வி. நிலையை உரிய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; அதே ஆண்டின் மனநலச் சட்டமும் நோயாளியின் தகவல் இரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. படம் கட்டாயம் தேவை என்றால் நிறுவனத்தின் அனுமதி, நோயாளியின் ஒப்புதல், நிறுவனத்தின் கருவி மூன்றும் வேண்டும். பெரும்பாலும் படமே தேவைப்படாது. “குதிகாலில் 3 செ.மீ. புண், ஓரம் கறுத்திருக்கிறது, நீர் கசிகிறது” என்று சொற்களால் விவரித்துக் கேளுங்கள். அப்படி விவரிக்கப் பழகுவதே ஒரு கற்றல்.

என் கையால் தவறு நடந்துவிட்டது. அதையும் நோட்டில் எழுத வேண்டுமா? பிறகு அதுவே எனக்கு எதிராகத் திரும்பாதா?

முதல் வேலை நோயாளி. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், கண்காணியுங்கள், நிறுவனத்தின் சம்பவப் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் ஓர் எழுத்தையும் பின்னால் திருத்தக் கூடாது. நோட்டு அதற்கெல்லாம் பிறகுதான்; அது கேஸ் ஷீட்டுக்கு மாற்றும் அல்ல. அதில் ஆளை எழுதாமல் காரணத்தை எழுதுங்கள்: ஒரே நிறப் பெட்டியில் இரண்டு மருந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஷிப்ட் மாறும் நேரம், நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். இனி என்ன என்ற நான்காவது வரி, பெட்டிகளைப் பிரித்து வைப்பது. தவறு நடக்காமல் மயிரிழையில் தப்பியவற்றை எழுதுவது இன்னும் நல்லது. அங்கே பாடமும் இருக்கிறது, யாருக்கும் காயமும் இல்லை.

நான் பொறுப்புச் செவிலியர். என் வார்டுப் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது?

நேரம் கொடுங்கள். வாரத்தில் அரை மணி நேரம், இன்னொருவர் படுக்கைகளைப் பார்த்துக்கொள்ள, டூட்டிப் பட்டியலிலேயே எழுதிக் கொடுங்கள். பட்டியலில் ஏறாத நேரம் நடக்காத நேரம். டெஸ்ட் வைத்து மார்க் போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிய நாளிலிருந்து யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். நீங்களே முதலில் “எனக்கு இது தெரியவில்லை, யாராவது பார்த்து வாருங்கள்” என்று ஒரு கேள்வியைப் போடுங்கள்.

கேள்வியை ஊரிலிருந்து எடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியதை யாரும் மறக்கவில்லை. அதை வைத்தே ஒரு மாதம் பேசலாம். மின்சாரம் இல்லாதபோது தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைப்பது எப்படி? பாதை துண்டித்த ஊரில் பிரசவத் தேதி நெருங்கியவர்கள் யார் யார் என்ற பட்டியல் எங்கே இருக்கிறது? வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர் மின்சாரம் போனால் என்ன செய்வது? வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தால் முதல் அறிகுறி எது? ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு விடையோடு வரட்டும்.

நான் உண்மையிலேயே கற்றுக்கொண்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படித்தும் வார்டில் எதுவும் மாறவில்லையே?

பிறரைப் பார்க்கச் சொல்லுங்கள். “இந்த வாரம் எப்போதாவது நான் பி.பி. பார்க்கும்போது கவனி, எப்போது என்று சொல்லாதே” என்று கூட்டாளியிடம் கேளுங்கள். ஐந்து நிமிட ஓய்வு கொடுத்தீர்களா, கை தாங்கி இருந்ததா என்று அவர் சொல்லட்டும். நோட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் தெரிந்தும் மாறவில்லை என்றால், குறை அறிவில் இல்லாமல் பொருளில் இருக்கலாம். பருத்த கைக்குச் சிறிய கஃப் (பி.பி. கருவியின் பட்டை) சுற்றினால் பி.பி. கூடுதலாகக் காட்டும் என்று நன்றாகத் தெரியும், ஆனால் பெரிய கஃப் ஸ்டோரில் இல்லை. திருப்பி விடத் தெரியும், இரவில் ஒரே ஆள். அப்போது இன்னொரு வீடியோ பார்ப்பதில் பயனில்லை. எந்த அளவு கஃப், எத்தனை, எதற்காக என்று நோட்டில் இருக்கும் காரணத்தையும் சேர்த்து ஸ்டோருக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதுங்கள். பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த மாதமும் எழுதுங்கள்.